வாசகர் கேள்வி பதில்: குதிரை நிற்கிறது, கதை நிற்கவில்லை

கேள்வி: 'தி செல்' பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை, ஆனால் முடிந்ததும் "இவ்வளவுதானா?" என்று ஆகிவிட்டது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லவே இல்லை, பலருக்கும் அப்படித்தான். ஜலந்தரில் பிறந்த தார்செம் சிங்கின் முதல் படம் அது, 2000-இல் வந்தது. கோமாவில் கிடக்கும் தொடர் கொலைகாரனின் மனதுக்குள் ஜெனிபர் லோபஸ் நுழைகிறார். அவன் அடைத்து வைத்திருக்கும் பெண் தண்ணீரில் மூழ்குவதற்குள் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரியில் கேட்டால் பிரமாதம்தான்.

அந்தக் குதிரையை மறக்க முடியுமா? சும்மா நிற்கிற குதிரை மேல் கண்ணாடித் தகடுகள் சடசடவென்று இறங்க, துண்டு துண்டான பிறகும் உள்ளே எல்லாம் துடித்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் அரியணைக் காட்சி: கொலைகாரன் எழுந்து படியிறங்கும்போது சுவரெல்லாம் தொங்கிய ஊதாத் துணி அவன் முதுகோடு வருகிறது, திரைச்சீலை என்று நாம் நினைத்தது அவனுடைய அங்கி! உடையலங்காரத்தில் எய்கோ இஷியோகாவின் பங்கு பெரியது, ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியவர்.

சரி, இவ்வளவு ஆழம் போய் என்ன தெரிந்தது? அப்பா கொடுமைப்படுத்தினார், பையன் இப்படி ஆனான். இதை போலீஸ் ஃபைலிலேயே எழுதியிருப்பார்கள். கூத்து என்னவென்றால், இடத்தைக் காட்டிக்கொடுப்பது பளு தூக்கும் இயந்திரத்தில் இருக்கும் கம்பெனி முத்திரை. இதற்கு மனசுக்குள் எல்லாம் போவானேன், விவரமான ஒரு ஏட்டு போதுமே.

கேள்வி: அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட்டே 'தி செல்'லுக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறாரே?
- வாசகர், ஈரோடு

பதில்: கொடுத்தார், எனக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. அதே இயக்குநர், அதே எய்கோ சேர்ந்து செய்த 'தி ஃபால்' (2006) பாருங்கள். ஆஸ்பத்திரியில் அடிபட்டுக் கிடக்கும் ஸ்டண்ட் நடிகர் ஒரு சிறுமிக்குக் கதை சொல்கிறார். அவர் செவ்விந்தியரை நினைத்து "இந்தியன்" என்கிறார், அவளுக்குத் தெரிந்ததோ தோட்டத்தில் வேலை செய்யும் நம்மூர்க்காரர், அதனால் திரையில் தலைப்பாகை கட்டிய ஆள் வந்து நிற்கிறார். கதை சொல்பவரின் மனசு உடைய உடைய கதையில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், குழந்தை அழுது சண்டை போடுகிறது. அழகு இதிலும் குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவர் காரணமாக இருக்கிறார். கொஞ்சம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.