பி.காம். முடித்த மகள் பூத்தையல் பெண்களோடு வேலை செய்யப் போகிறேன் என்றால்

அன்புள்ள அம்மா,

ஊட்டியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பி.காம். முடித்த மகள் வங்கித் தேர்வு எழுதுவாள் என்று இருந்தீர்கள்; அவளோ எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை படித்து, நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்களின் பூத்தையலுக்குத் துணை நிற்கப் போகிறேன் என்கிறாள். "இது வேலையா, சேவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான் அம்மா. அதுவும் கணக்குத் தெரிந்த ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற வேலை.

அந்தத் தையலை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். முன்கூட்டி வரைவதில்லை, இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், அரசின் கைவினைப்பொருள் கழகமான பூம்புகார் மூன்றும் சேர்ந்து முயன்றதன் பலன் அது. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. ஒரு சால்வைக்கு நாளைக்கு நான்கு மணி நேரமாக இருபது நாள் ஆகிறது என்று வையுங்கள். எண்பது மணி நேரம். தைத்தவர் கைக்கு 1,600 ரூபாய் வந்தால் மணிக்கு இருபது ரூபாய்தான். நூல், துணி, பஸ் செலவு போனால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை எழுதிக்காட்டி, கடைக்காரரிடம் பேசி விலையை ஏற்றத்தான் ஆள் வேண்டும். உங்கள் மகள் படித்த அடக்கவிலைக் கணக்கு வேறெதற்கு?

சரி, என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வழிகாட்டிய ஒரு மாணவி, வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே ஐம்பது சால்வை ஒரே மாதத்தில் தருவதாக ஒரு வியாபாரியிடம் ஒப்புக்கொண்டுவிட்டாள். தைக்கிறவர்களுக்கு வீடு, மாடு, குழந்தை எல்லாம் உண்டு. ராத்திரி கண்விழித்துத் தைத்தும் பாதிகூட முடியவில்லை. அவளுக்குக் கல்லூரி விவரம் மட்டும் கொடுத்தேன். முதலில் போய்க் கூட உட்கார்ந்து பார் என்று சொல்லாமல் விட்டது என் தவறு. அது இன்றும் உறுத்துகிறது.

அதனால் உங்கள் மகள் உடனே சேர வேண்டாம். ஆறு மாதம் ஏதாவது ஒரு குழுவில் கணக்கு எழுதட்டும். அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1956-ல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கியது. நெசவுக்குப் பேர்போன சின்னாளப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பொதுவாக எந்தப் பட்டமும் போதும். குஜராத் ஆனந்தில் இருக்கும் கிராமிய மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மாவும் நல்ல இடம்தான். கட்டணம் அதிகம், கடன் வாங்கிச் சேர்ந்தால் குறைந்த சம்பள வேலையை எடுக்கத் தைரியம் வராது.

சம்பளம் வங்கியளவு ஆரம்பத்தில் இருக்காது. பல இடங்களில் ஒப்பந்த வேலை; திட்டப் பணம் முடிந்தால் வேலையும் முடியும். சேரும் முன் எத்தனை வருடத் திட்டம், பி.எஃப். உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அடுத்தவர் கூலிக்காகப் பேசப் போகிறவள் தன் கூலியைப் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த மாதம் ஒருநாள், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, நீங்களும் மகளும் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போய்வாருங்கள். தைக்கிற அம்மா ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு பூ முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று மகள் குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளோடு என்னைப் பார்க்க வரச்சொல்லுங்கள்.