அடி தட்டும் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: கார் அடி தட்டுகிறது. நம் குமரி மாவட்டத்தில் அது பெரிய அதிசயமில்லை. பள்ளிக்கூடம், கோயில், குருசடி, முக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகத்தடை இருக்கிறது. ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இருக்காது.

ஓடிய செடான் ஒன்று வாங்கினேன். தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. வீட்டோடு மண்டைக்காடு போய் வந்தால் வழியெல்லாம் தட்டுகிறது. அடி உயரம் 165 மி.மீ. என்று கம்பெனி போட்டிருக்கிறதே? (திங்கள்சந்தை)

அந்த 165 பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியில் எடுத்த அளவு. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பலாப்பழமும் தேங்காய் மூட்டையும் வைத்தால், பின்பக்கம் 3, 4 செ.மீ. எளிதாக இறங்கிவிடும். வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் பொத்தென்று இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி இன்னும் சில சென்டிமீட்டர் போகும். மிச்சம் இருப்பது 9, 10 செ.மீ. தான். நம் ஊர்த் தடைகளில் பல அதைவிட உயரம்.

இதில் உங்கள் கையில் இருப்பவை இரண்டு. முதலாவது பிரேக். தடைக்கு மிக அருகில் வந்து பிரேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு குனியும், குனிந்த நிலையிலேயே மேலே ஏறும். வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு, முன்சக்கரம் தடையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மூக்கு நிமிர்ந்துகொள்ளும். முன்சக்கரம் இறங்கியதும் ஆக்சிலேட்டரைக் கொடுப்பது பலருடைய பழக்கம். கொடுத்தால் பின்பக்கம் குந்தும், சைலன்சர் தட்டும். பின்சக்கரமும் இறங்கிய பிறகு கொடுங்கள்.

இரண்டாவது பாரம். கனமான ஆள் முன் சீட்டில் உட்காரட்டும். மூட்டையைப் பின் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள், டிக்கியின் கடைசியில் வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் தெரியும். அதில் முழுப் பாரத்துக்கென்று தனி அளவு இருக்கும். வீட்டோடு கிளம்பும் நாளில் அந்த அளவுக்குக் காற்றடியுங்கள்.

ஓடிய வண்டி என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, இடது வலதை ஒப்பிடுங்கள். முடிந்தால் அதே மாடல் புது வண்டியில் அளந்து பாருங்கள். 2 செ.மீ. குறைந்திருந்தால் காயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் போய் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறவர்கள் உண்டு. வண்டியின் உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் ஆட்டத்தை அடக்குவதற்கு. ஷாக் போயிருந்தால் தடையில் கூடுதலாக அமுங்கும் என்பது சரிதான், ஆனால் புது ஷாக் போட்டதால் தளர்ந்த வண்டி நிமிராது. கம்பெனி ஸ்பிரிங் புதிதாகப் போடுவதுதான் வண்டியை உயர்த்த நேர்மையான வழி.

ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைத்தால் வண்டி உயரும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். வைக்கலாமா? (குலசேகரம்)

உயரும், ஒன்றிரண்டு சென்டிமீட்டர். ஆனால் ரப்பர் செருகிய சுருள்கள் அமுங்காமல் நின்றுவிடும், அவற்றின் வேலையையும் பக்கத்துச் சுருள்கள் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை ஒருமுறை ஓட்டினாலே வித்தியாசம் தெரியும். குழியில் விழும் அடி நேராக, ஸ்பிரிங் பாடியோடு சேரும் ஸ்ட்ரட் மவுண்டுக்குப் போய்ச் சேரும். முன்பக்கம் கண்டிப்பாக வேண்டாம், ஸ்டீயரிங் குணமே மாறிவிடும். டிக்கியில் எப்போதும் பாரம் ஏற்றுகிறவர், உதாரணமாக கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டிக்காரர், பின்பக்கத்துக்கு மட்டும் வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

டயரைப் பெரிதாக்கினால்? (தக்கலை)

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். பக்கவாட்டில் 175/65 ஆர்15 என்று அளவு போட்டிருக்கும் டயரின் முழு விட்டம் சுமார் 608 மி.மீ. அதை 185/65 ஆர்15 ஆக்கினால் 621. விட்டத்தில் 13 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஆறரை மி.மீ. ஒரு தீப்பெட்டியின் தடிமன்கூட வராது. 195/65 போட்டால் 13 மி.மீ. கிடைக்கும், ஆனால் ஸ்பீடோமீட்டர் 4 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். டயர் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் ஒரு படி மேலே போகலாம். அடி தட்டுகிறது என்பதற்காக நல்ல டயரைக் கழற்ற வேண்டாம்.

தடையில் வண்டியைச் சாய்வாக ஏற்றி இறக்கினால் பாடி முறுகிப் போகும் என்கிறார்களே? (கொல்லங்கோடு)

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. கதவு ரப்பர் கொஞ்சம் கிறீச்சிடும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து பின்னால் வருகிற பைக். நீங்கள் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் பார்த்து இடைவெளியில் நுழைந்துவிடுவான். கண்ணாடி பார்க்காமல் வண்டியைச் சாய்க்காதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு விபத்துக்குப் பிறகு ஊர்க்காரர்களே சிமென்டில் ஒரு தடை கட்டிவிட்டார்கள். ஆட்டோகூடத் தட்டுகிறது. யாரிடம் சொல்வது? (கருங்கல்)

முதலில் அளவு. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டுதலில் வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., சாலை நீளவாக்கில் அகலம் 3.7 மீட்டர், மேல் வளைவு 17 மீட்டர் ஆரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கான அமைப்பு அது. இந்த 3.7 மீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. 2.6 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள செடான் அதன் மேல் ஏறினால் நான்கு சக்கரமும் தடையின் மேலேயே நிற்கும். நடுவில் வண்டிக்கு அடியில் எழும்பி நிற்பது வெறும் 5 செ.மீ. தான். முழுப் பாரத்திலும் சாதாரணக் கார் எதுவும் தட்டாது. நம் ஊரில் கட்டுவது அரை மீட்டர் அகலத்தில், சில இடங்களில் 15 செ.மீ. உயரத்தில். அதைத் தடை என்பதைவிட வரப்பு என்று சொல்லலாம். முன்சக்கரம் தாண்டி இறங்கியதும் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக நிற்கும்.

தடையின் உச்சியில் நூலை வைத்து, மட்டமாக இழுத்துப் பிடித்து, ஓரத்தில் நூலிலிருந்து தார் வரை டேப்பால் அளங்கள். டேப் தெரியும்படி படம் எடுங்கள். அப்புறம் சாலை யாருடையது என்று பாருங்கள். தெருச் சாலை என்றால் பேரூராட்சி அல்லது ஊராட்சி, பஸ் ஓடும் பெரிய சாலை என்றால் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறை. ஆள் மாற்றிக் கொடுத்தால் மனு மேசை மேசையாக அலையும். பதில் வராவிட்டால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் இருக்கிறது.

மனுவில் ‘அகற்ற வேண்டும்’ என்று எழுதாதீர்கள். அங்கே ஒருவர் அடிபட்ட பிறகு வந்த தடை அது. எடுத்தால் தெருவே உங்களுக்கு எதிராக நிற்கும், நிற்பதில் நியாயமும் இருக்கிறது. ‘அளவுப்படி திருத்தி அமைத்து, வெள்ளைக் கோடு போட்டு, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்’ என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடுவார்கள்.

ராத்திரி மழையில் தடை தெரியாமல் பலமாக இடித்துவிட்டது. வண்டி ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? (இரணியல்)

விடக் கூடாது. வண்டி நிற்கும் இடத்தில் இஞ்சினுக்கு நேர் கீழே பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, காலையில் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் இஞ்சின் ஆயில். சிவப்பாக எண்ணெய்ப் பசை இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பச்சையோ ரோஸ் நிறமோ தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். நிறமில்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, கவலை வேண்டாம். அட்டை காய்ந்திருந்தாலும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர் உடைந்து தொங்கினால் அடுத்த தடையில் அது மாட்டி இழுபடும். அந்தக் கவர் கசிவை உள்ளேயே தேக்கியும் வைத்துக்கொள்ளும், அதனால் அட்டையை மட்டும் நம்ப முடியாது.

வழியில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இஞ்சினை அணைத்துவிடுங்கள். ‘ஒர்க்‌ஷாப் பக்கம்தானே’ என்று ஓட்ட வேண்டாம். இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப் உடைந்தால் சம்ப் செலவோடு போகும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் இஞ்சினே போகும். சாதாரண முழுக் காப்பீடு அடிபட்ட சம்ப்புக்குப் பணம் தரும், அடிபட்ட பிறகு ஓட்டியதால் கெட்ட இஞ்சினுக்கு வழக்கமாகத் தராது. அதற்கு இஞ்சின் பாதுகாப்பு என்று தனிச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும், அதிலும் நிபந்தனைகள் உண்டு.

மின்சாரக் கார் என்றால்? (நாகர்கோவில்)

பேட்டரிப் பெட்டி அடியிலேயே இருப்பதால் லேசான உரசலைத் தாண்டி ஏதாவது நடந்தால் சர்வீஸ் சென்டரில் காட்டியே ஆக வேண்டும். நெளிவு தெரிந்தாலோ, டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தாலோ, பார்த்து முடிக்கும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

கேரளப் பதிவு வண்டி ஒன்று மலிவாக வருகிறது. பார்க்க அழகாகத் தாழ்வாக இருக்கிறது. வாங்கலாமா? (களியக்காவிளை)

மலிவுக்குக் காரணம் அந்தத் தாழ்வுதான். காயில் ஸ்பிரிங்கின் நுனியைப் பாருங்கள், கட்டர் போட்டு வெட்டிய தழும்பு தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது தவறு. தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி மார்த்தாண்டத்தில் டி.என். 75 பதிவுக்குக் காட்டும்போது அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். மிகவும் பிடித்துவிட்டது என்றால், கம்பெனி ஸ்பிரிங்கும், அது அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பும் நான்கு பக்கமும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

வேகத்தடை பிரச்சினை இல்லை. வீட்டு வாசல் ஏற்றத்தில்தான் பம்பர் தட்டுகிறது. (குழித்துறை)

மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் சாலைக்கு ஒரு மட்டம், வீட்டுக்கு ஒரு மட்டம் என்பதால் இந்தப் புகார் அடிக்கடி வரும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் சரிவு திடீரென்று மாறினால் பம்பர் தட்டும். முடியும் இடத்தில் திடீரென்று மாறினால் வயிறு தட்டும். இரண்டு முனையிலும் ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்துக்கு நடுச் சரிவில் பாதி சரிவு வருமாறு கான்கிரீட் போட்டால் தீர்ந்தது. காரைத் தொடவே வேண்டாம். கொத்தனார் வரும்போது வண்டியை மெதுவாக ஏற்றச் சொல்லி, தட்டும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். கீழ்முனையை உயர்த்தும்போது ஓடையை அடைத்துவிடாதீர்கள், குழாய் வைத்து மேலே போடுங்கள். நமக்கு இரண்டு பருவ மழை.