ஆப்ஷன் 82 போட்டதும் யாருக்கும் ஐபி வரவில்லை, ஏன்?

எந்த மெஷின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பது, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வருக்குத் தெரிய வேண்டும் என்று, கோரிக்கையோடு போர்ட் விவரத்தைச் சேர்த்தனுப்பும் ஆப்ஷன் 82-ஐ இயக்கியிருக்கிறீர்கள். கீழே ஸ்னூப்பிங் (டிஹெச்சிபி பாக்கெட்டுகளைக் கண்காணித்துப் போலி சர்வர்களைத் தடுக்கும் வசதி) ஓடும், மெஷின்கள் இணையும் ஆக்சஸ் ஸ்விட்ச், மேலே கோரிக்கைகளைச் சர்வருக்குக் கடத்தும் ரிலே வேலையைச் செய்யும் லேயர் 3 ஸ்விட்ச், இரண்டும் சிஸ்கோ என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற கம்பெனிகளில் கட்டளை வேறு. அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

"அதை ஆஃப் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்று யாராவது எழுதுவார்கள். ஐபி வரும்தான், போர்ட் விவரம் வராது. நீங்கள் கேட்டதே அதைத்தானே?

ஸ்னூப்பிங் போட்டாலே, சிஸ்கோ ஸ்விட்சின் இயங்குதளமான ஐஓஎஸ் ஆப்ஷன் 82-ஐயும் சேர்த்துவிடும். ஆனால் ஸ்னூப்பிங் ரிலே அல்ல, அதனால் ரிலேயின் முகவரி இருக்க வேண்டிய ஜிஐஅட்ர் புலம் 0.0.0.0 என்றே இருக்கும். நம்பகமில்லாத பக்கத்திலிருந்து இப்படி வந்தால் ரிலே அதைக் கைவிட வேண்டும் என்பது 2001-இன் ஆர்எஃப்சி 3046 என்ற இணையத் தர ஆவணத்தின் விதி. மேல் ஸ்விட்ச் அதைத்தான் செய்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

மேல் ஸ்விட்சில், அந்த மெஷின்கள் இருக்கும் விலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேசில் 'ஐபி டிஹெச்சிபி ரிலே இன்ஃபர்மேஷன் டிரஸ்டட்' கொடுங்கள். 'டிரஸ்ட்-ஆல்' வேண்டாம், எல்லா இன்டர்ஃபேசுக்கும் கதவு திறந்துவிடும். மேலேயும் ஸ்னூப்பிங் ஓடினால், கீழ் ஸ்விட்ச் வந்து சேரும் போர்ட்டை டிரஸ்ட் செய்யுங்கள். மேல் ரிலேயும் ஆப்ஷன் 82 போடும்படி இருந்தால் பாலிசியை 'கீப்' ஆக்குங்கள். டீஃபால்ட்டான 'ரிப்ளேஸ்' கீழிருந்து வந்த போர்ட் விவரத்தை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும்.

போர்ட்டைப் பார்த்து ஐபி கொடுக்கும் ரூலை எழுதும் முன், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்பைச் சர்வரில் வைத்து போர்ட் 67-ஐப் (இது டிஹெச்சிபியின் எண், ஸ்விட்ச் போர்ட் அல்ல) பாருங்கள். ஆப்ஷன் 82-க்குள் போர்ட்டைச் சொல்லும் பகுதியான சர்க்யூட் ஐடி 01 06 00 04 00 14 01 05 என்று வந்தால்: 01 துணை ஆப்ஷன், 06 நீளம், 00 04 வகையும் அதன் நீளமும், 00 14 (ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்) விலேன் 20, பிறகு மாடியூல் 1, போர்ட் 5. இந்தப் போர்ட் எண் ஸ்விட்ச் முகப்பில் அச்சிட்ட எண்ணாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். சில மாடல்களில் முதல் போர்ட்டே 3. கீயா என்ற டிஹெச்சிபி சர்வர் மென்பொருளில் 'ரிலே4[1].ஹெக்ஸ்' கொண்டு ஒப்பிடும்போது முன்னால் உள்ள 01 06 வராது, 000400140105 மட்டும்தான். பலருடைய ரூல் பொருந்தாமல் போவது இங்கேதான்.

எந்த ஸ்விட்ச் என்று சொல்லும் பகுதியான ரிமோட் ஐடி, டீஃபால்ட்டாக ஸ்விட்சின் மேக் முகவரி. ஸ்விட்சை மாற்றினால் அதை நம்பி எழுதிய ரூல் அத்தனையும் போச்சு. 'ஃபார்மட் ரிமோட்-ஐடி ஹோஸ்ட்நேம்' போட்டு, அதற்குப் பதில் ஸ்விட்சின் பெயரை அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தாலும் சர்வருக்குத் தெரிவது போர்ட் வரைக்கும்தான். அது எந்த மேசைக்குப் போகிறது என்பது பேட்ச் பேனல் லேபிளில் இருக்க வேண்டும். கேபிள் இழுக்கிறவர்கள் பணம் வாங்கும்போது காட்டும் அக்கறையில் பாதியை லேபிள் ஒட்டுவதில் காட்டினால் தேவலை.

ஸ்னூப்பிங் இல்லாமல் ரிலே மட்டும் ஆப்ஷன் 82 போடும் இடத்தில் இன்னொரு வம்பு. லீஸ் (ஐபி கொடுத்திருக்கும் காலம்) பாதியானதும் கிளையன்ட் புதுப்பிக்க நேராகச் சர்வருக்கே அனுப்பும். ரிலே நடுவில் இல்லாததால் ஆப்ஷனும் இருக்காது, ரூல் பொருந்தாது. சர்வரில் 'ஸ்டாஷ்-ஏஜென்ட்-ஆப்ஷன்ஸ்' ட்ரூ ஆக்குங்கள், முதலில் வந்த விவரத்தையே வைத்துக்கொள்ளும். ஐஎஸ்சி டிஹெச்சிபிடி என்ற சர்வர் மென்பொருளிலும் கீயாவின் புதிய பதிப்புகளிலும் இது இருக்கிறது.