பனங்காட்டு நடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு வழியாகக் கடற்கரை வரை நடக்க ஆசை. எந்த மாதம் தோது? வழியில் கள் கிடைக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: கள் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. கேட்டால் சங்கடம் பனையேறிக்குத்தான். பதநீர் தாராளமாகக் கிடைக்கும்.

தை மாதத்தை ஒட்டிப் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர் உண்டு. நடப்பதற்கு மாசி, பங்குனிதான் சரி. வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

விடியும்போதே கிளம்பிவிடுங்கள். காலையில் இறக்கிய பதநீர் கொஞ்ச நேரத்தில் கருப்பட்டிக்காக அடுப்பேறிவிடும். பத்து மணிக்குப் போய் நின்றால் கொப்பரையில் கொதிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நடையின் நேரத்தை நீங்கள் வகுக்காதீர்கள். பனையேறி மரத்தை விட்டு இறங்கும் நேரத்துக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

குடிக்கும்முன் மோந்து பாருங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதே பதநீர் புளிக்காமலிருக்க. சுண்ணாம்பு குறைந்தால் நுரை கட்டிப் புளித்த வாடை வரும். அது கள்ளாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கை அரிக்கும். கொஞ்சம் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை மண்டியை விட்டுவிட்டு மேலாகக் குடியுங்கள். எறும்பும் தேனீயும் மிதப்பது சகஜம். பன்னாடையில், அதாவது பனைமட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் நாரில், வடித்துத் தருவார்கள். பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிப்பதுதான் ருசி. பழக்கமில்லாதவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் வயிறு இளகும், இரண்டு இட்லியாவது தின்றபின் ஒரு டம்ளர் போதும். மீதியை பாட்டிலில் அடைத்து மூடிப் பையில் வைக்காதீர்கள். வெயிலில் புளித்து, காற்றுக் கட்டி மூடியைத் தெறிக்கவிடும்.

கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ காய்ச்சச் சுமார் 8 லிட்டர் பதநீர் வேண்டும், விறகும் உழைப்பும் தனி. அந்தப் பதநீரின் விலைக்கும் குறைவாக ஒருவர் கருப்பட்டி விற்றால் அதில் சீனி கலந்திருக்கிறது.

கேள்வி: ரப்பர் செருப்பு போதுமா? தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது? (பரமக்குடி வாசகி)

பதில்: போதாதம்மா. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். உடை மரத்தின் வெள்ளை முள் அதைவிட நீளம், காய்ந்தபின் மணலில் கிடப்பதும் தெரியாது. கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். ஊசியும் சிறு இடுக்கியும் பையில் இருக்கட்டும். உள்ளே ஒடிந்த முள்ளை அப்படியே விட்டால் சீழ் கோக்கும். கீழே விழுந்து கிடக்கும் பனைமட்டையையும் மிதிக்காதீர்கள். அதன் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். கடலோரக் கிணறுகளில் பல உவர்ப்பு, நம்ப முடியாது. கரையை அடைந்ததும் அலை நனைத்த இறுகிய மணலில் நடங்கள். மேட்டு மணலில் கால் புதைந்து சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். திரும்பும் பஸ் நேரத்தைச் சாயல்குடியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனியில் களத்திலும் ரோட்டோரத்திலும் முண்டு மிளகாய் காயும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு அதுதான். ஓரமாக ஒதுங்கிப் போங்கள். மிதிபட்டு உடைந்த வற்றலுக்கு விலை கிடைக்காது.

கேள்வி: அதே நாளில் காரங்காடு அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். சாயல்குடி இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், காரங்காடு வடக்கே தொண்டிப் பக்கம். அவசரப்பட்டால் இரண்டும் பாழ். காரங்காட்டில் காட்டுக்குள் போக வனத்துறையின் படகு உண்டு. நடந்து சேற்றில் இறங்காதீர்கள்: முழங்கால் வரை புதையும், சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களும் ஒடியும். உப்புச் சேற்றில் காற்றில்லாததால் அலையாத்தி மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. பறவைகளுக்காகப் போவதென்றால் தை, மாசியில் காலைப் படகைப் பிடியுங்கள்.