கோட்டாவில் போகிற பிள்ளை

மதிப்புக்குரிய சேர்,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. பொறியியலுக்குக் காணாது, பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும். கணிதத்தில் சிறப்புப் பட்டம் செய்ய விருப்பம் என்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றில் எதை முதலாவதாகப் போடுவது? யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மைத்துனர், "கோட்டாவில், அதாவது மாவட்ட ஒதுக்கீட்டில் போகிற பிள்ளை கொழும்பில் ஈடுகொடுக்காது. யாழ்ப்பாணத்தை முதலில் போடு, இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்" என்கிறார். விடுதி, சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

தம்பி,

விடுதியும் சாப்பாடும் பிள்ளை போய்ப் பார்த்துக்கொள்வாள். வரிசை விஷயம் சின்னது. இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி, எட்டுகிற இடங்களில் எது மேலே இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கொழும்பை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனாலும் யாழ்ப்பாணத்துக்கான வாய்ப்பு இம்மியும் குறையாது. இது விளங்காதவர் கணிதப் பட்டத்துக்கு ஆலோசனை சொல்கிறார்!

எனக்குக் கோபம் வந்தது அந்தக் 'கோட்டா' என்ற இடத்தில்தான். அவர் சொன்னதை நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 55இல் கொழும்பு மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்த 16இல் உங்கள் முல்லைத்தீவும் இருக்கிறது, மைத்துனரின் யாழ்ப்பாணமும் இருக்கிறது. அப்புறம் யார் யாரைக் கோட்டா என்பது?

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது புதுக்குடியிருப்பில் ஓர் ஓலைக் கொட்டிலில் இணைந்த கணிதம் படிப்பித்தேன். கொப்பிக்குத் தட்டுப்பாடு. ஒரு பிள்ளை முதலில் பென்சிலால் கணக்குச் செய்வாள். கொப்பி முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, பென்சில் எழுத்தின் மேலேயே நீலப் பேனையால் அடுத்த கணக்கு. திருத்தும்போது கொப்பியைச் சரித்துப் பிடித்தால்தான் எது எந்தக் கணக்கு என்று தெரியும். போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு அவள் பேராதனைக்குப் போனாள். அவளுக்கும் இதே கோட்டாப் பேச்சுத்தான்.

முதல் வருடத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். விரிவுரையாளர் பலகையில் x² − 2 என்று எழுதினாராம். x = 1 என்றால் −1, x = 2 என்றால் 2. வளையி கீழிருந்து மேலே போகிறது, ஆகவே நடுவில் எங்கோ அச்சை வெட்டும். உயர்தரத்தில் இதற்கு முழுப் புள்ளியும் போடுவோம். அவரோ, "ஏன் வெட்ட வேண்டும்?" என்று கேட்டாராம். பின்னங்கள் மட்டும்தான் எண்கள் என்று வையுங்கள். எந்தப் பின்னத்தின் வர்க்கமும் 2 ஆகாது. அப்படியானால் வளையி அச்சைத் தொடாமலே தாண்டிவிடும். பிறகு எதை வைத்து வெட்டும் என்கிறீர்கள்? பின்னங்களோடு √2 போன்றவையும் சேர்ந்த மெய்யெண்களில் இடைவெளி இல்லை என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால்தான் பதில் வரும். வகுப்பில் ஒரு சத்தம் இல்லையாம். கண்டி, கொழும்புப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. அவர்கள் கரைத்துக் குடித்த பாஸ்ட் பேப்பர் ஒன்றிலும் அந்தக் கேள்வி இல்லை. "சேர், எல்லாரும் இங்கே முதலாம் வகுப்புப் பிள்ளைகள்தான்" என்று எழுதியிருந்தாள். கணிதப் பட்டம் முழுக்க இந்த 'ஏன்' தான் தம்பி. இசட் புள்ளி கொண்டுபோய் வாசலில் விடும், அவ்வளவுதான்.

ஆங்கிலம் வேறு விஷயம். மூன்று இடத்திலும் படிப்பு ஆங்கிலத்தில்தான், முதலில் திணறத்தான் செய்வாள். சிறப்புப் பட்டத்துக்கு முதல் வருடங்களின் பெறுபேற்றைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் அந்தத் திணறல் நீளக் கூடாது. அனுமதி வருமட்டும் மாதக்கணக்கில் வீட்டில்தானே இருக்கப் போகிறாள். இந்த 'ஏன்'களைப் படிப்பிக்கும் மெய்ப் பகுப்பாய்வு (real analysis) பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் அத்தியாயத்தைத் தன் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். விளங்காத இடங்களை எனக்கு அனுப்பட்டும். நீங்கள் எழுத வேண்டாம், அவளே எழுதட்டும்.