இரண்டு ‘அவன்’களும் ஓர் உச்சக் காட்சியும்

கேள்வி: ஆண்–ஆண் காமக் கதைகள் எழுதுகிறேன். இருவரும் நெருங்கும் வரை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். உச்சம் வரும் இடத்தில் மட்டும் தொய்ந்துவிடுகிறதாம், யார் யாரை என்ன செய்கிறான் என்றும் குழம்புகிறதாம். எப்படிச் சரிசெய்வது? அந்தக் காட்சி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: உங்கள் வாசகர்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் குறைகள். முதலில் பெரியதைப் பார்த்துவிடுவோம்.

உச்சக் காட்சி தொய்வதற்குப் பெரும்பாலும் காரணம், அங்கே உடம்பு மட்டும்தான் உச்சத்துக்குப் போகிறது. அது போகும் என்று வாசகருக்கு முதல் பத்தியிலேயே தெரியும். தெரிந்த ஒன்று நடக்கும்போது எவ்வளவு வேகமாக எழுதினாலும், எத்தனை எரிமலைகளை வெடிக்கவிட்டாலும் யாருக்கும் மூச்சு முட்டாது. அதனால் எழுத உட்காரும் முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்த இருவரில் ஒருவன் கதை முழுக்க எதை அடக்கி வைத்திருக்கிறான்? ஒரு சொல்லா, சத்தமா, முகத்தைப் பார்ப்பதா, தன்னைத் தொடவிடுவதா? அது கைநழுவிப் போகிற நொடிதான் உங்கள் உச்சம். உடம்பின் உச்சம் அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ வந்தாலும் பரவாயில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், காதலின் முதல் கட்டத்துக்குச் சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள். நெற்றி வியர்ப்பது, சிரிப்பை மறைப்பது, உள்ளம் கலைந்ததைப் பிறர் அறியாமல் காப்பது. ஆசை அங்கே மறைப்பதில்தான் தெரிகிறது. நம் ஊரில் ஆணை நேசிக்கும் ஆணுக்கு இது இன்னும் பொருந்தும். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இரண்டு ஆண்கள் ஒரே அறையில் தங்கினால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, ஆனால் சுவர் மெல்லியது, பக்கத்து அறைக்காரர் இருமினால் இங்கே கேட்கும். அந்த அறையில் காதல் செய்து பழகியவனுக்குச் சத்தம் போடாமல் இருப்பது உடம்போடு ஊறிப்போயிருக்கும். அவன் வாயிலிருந்து ஒரு பெயர் வந்துவிட்டால் போதும், கதை தலைகீழாகிவிடும்.

இப்படி ஒரு வரி எழுதிப் பார்க்கலாம்:

“அவன் தோளைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, பெயரைச் சொல்ல வாயெடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டு அடக்கி, அடக்க முடியாமல் சொல்லிவிட்டான் இவன்.”

இதில் உறுப்பு எதுவும் பெயர் சொல்லி வரவில்லை, ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிகிறது. உச்சத்தில் குட்டி குட்டி வாக்கியமாக உடைக்கச் சொல்லி எல்லோரும் ஆலோசனை தருவார்கள், தமிழில் அதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. ‘பிடித்து’, ‘விட்டு’ போன்ற எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசிவரை தராமல் வைத்திருங்கள், வாசகரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு காட்சியில் ஒரு தடவை மட்டும், அதற்கு மேல் போனால் களைப்புதான்.

அதே வரியில் உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கும் விடை இருக்கிறது. இருவருமே ‘அவன்’, இருவருக்குமே வினை ‘-ஆன்’ என்றுதான் முடியும், அதனால்தான் கை யாருடையது, கால் யாருடையது என்று தெரியவில்லை. யார் பக்கம் நின்று கதை சொல்கிறீர்களோ அவன் ‘இவன்’, மற்றவன் ‘அவன்’. கதை தொடக்கத்திலிருந்தே இதைப் பழக்கிவிட்டால் உச்சத்தில் குழப்பமே வராது. வயது வித்தியாசம் இருக்கும் ஜோடி என்றால் ஒருவர் ‘அவர்’ ஆகலாம். அந்த ‘அவர்’ கட்டிலில் ‘நீ’ ஆகிற இடமே தனிக் கிளர்ச்சி. தன்மையில், அதாவது ‘நான்’ என்று எழுதினால் ‘-ஏன்’, ‘-ஆன்’ என்று வினையே பிரித்துக் காட்டிவிடும். தயவுசெய்து ‘உயரமானவன்’, ‘மாநிறத்தான்’ என்றெல்லாம் மாற்றி மாற்றிப் போடாதீர்கள், கட்டிலில் மூன்றாவது ஆள் வந்துவிட்டதுபோல் இருக்கும்.

உடம்பு விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். இருவருக்கும் ஒரே நொடியில் வருவது அரிது, ஒருவனுக்கு முன்னால் வந்தால் மற்றவனைக் கவனிக்க அவனுக்கு நேரம் கிடைக்கிறது, அது கதைக்கு லாபம். உட்புகும் உறவில்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கையோ வாயோ போதும் என்று வாழும் ஜோடிகள் ஏராளம். உட்புகுவதாக எழுதினால் பொறுமையும் வழுக்கலும் இல்லாமல் எழுதாதீர்கள், அனுபவமுள்ள வாசகர் அங்கேயே கதையை மூடிவிடுவார். அப்புறம் அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டில்! எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை வலுவிழந்து கிழியும். இன்றைய கதையில் ஆணுறை வந்தால் தண்ணீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல்லை எழுதுங்கள். சம்மதத்தைத் தனியாக அறிவிக்க வேண்டாம், “இப்படியா?” “ம்… மெதுவா” என்ற பேச்சே கேட்பவரைச் சூடாக்கும். பாத்திரங்கள் பதினெட்டு வயது தாண்டியவர்கள் என்பதில் மட்டும் துளியும் மயக்கம் இருக்கக் கூடாது.

சொற்கள்? கதை சொல்பவன் வாயில் என்ன வருமோ அதுதான். மெக்கானிக் ஒருவன் தன் காதலனை நினைக்கும்போது ‘ஆண்குறி’ என்று நினைக்க மாட்டான்.

நீளம் கேட்டிருந்தீர்கள். உச்சத்துக்கு அரைப் பக்கம் தாராளம், மிச்சத்தைப் பிறகு வரும் ஐந்து நிமிடத்துக்குக் கொடுங்கள். பல ஆண்களுக்கு முடிந்தவுடன் உடம்பு கூசும், ஒரு நிமிடம் முன்பு வேண்டும் வேண்டும் என்றிருந்த கையையே விலக்கத் தோன்றும். விலக்குகிறானா, விலக்காமல் பொறுத்துக்கொள்கிறானா? லுங்கியைத் தேடி உடனே கட்டுகிறவன் யார், தண்ணீர் சொம்பை முதலில் மற்றவனுக்கு நீட்டுகிறவன் யார்? சொன்ன பெயர் சுவர் தாண்டிக் கேட்டிருக்குமோ என்று இருவரில் யார் பயப்படுகிறான்? இவற்றை எழுதிய பிறகு மேலே போய், உச்சத்துக்கு முந்தைய பத்தியில் பாதியை வெட்டுங்கள்.