வரத்துக்காலை மறித்துவிட்டார்கள், பட்டாவும் இருக்கிறதாம்: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாசனத்தில் இருக்கிறது. குளத்துக்கு வரும் வரத்துக்காலில் பாதியைத் தூர்த்து வாழை வைத்துவிட்டார்கள். இரண்டு முறை மனு கொடுத்தும் பலனில்லை. வாழை வைத்தவரிடம் பட்டா இருக்கிறதாம்.

பதில்: உங்கள் மனுவில் சர்வே எண் இருந்ததா? ‘ஊருக்குத் தெற்கே ஓடும் கால்’ என்று எழுதினால், எந்த அலுவலகத்திலும் அந்த மனு நகராது. தாமிரபரணிப் பாசனத்தில் இப்படி முடங்கிய மனுக்களை நிறையப் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன்.

முதலில் அ-பதிவேடும் (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றிருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. பழைய புலப்படத்தில் அளவு லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் 66 அடி. கால் 30 லிங்க் அகலம் என்றால் ஏறத்தாழ 20 அடி. டேப்போடு போய் அளந்து பாருங்கள். எட்டடிதான் மிச்சம் என்றால், மனுவின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

பட்டா என்றதும் பின்வாங்காதீர்கள். 1980-களின் யு.டி.ஆர். பதிவில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) புறம்போக்கு தவறுதலாகத் தனியார் பெயரில் ஏறிய இடங்கள் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (பழைய நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகல் கேட்டு வாங்குங்கள். அதில் வாய்க்கால் என்றிருந்தால், பதிவைத் திருத்தக் கோரி மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுச் செய்யலாம். நீண்டகாலமாக அனுபவித்து வருகிறேன் என்ற வாதம் ஊர்ப் பொதுநிலத்தில் எடுபடாது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

புறம்போக்குதான் என்று உறுதியானால் தாசில்தார் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். மனுவில் ‘அகற்றுங்கள்’ என்பதற்கு முன்னால் ‘அளந்து கல் நடுங்கள்’ என்று கேளுங்கள். சர்வேயர் வரும் நாளில் ஆயக்கட்டுக்காரர்கள் (அந்தக் குளத்துப் பாசன நிலக்காரர்கள்) நாலு பேராவது கூட நில்லுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் குளம் பெரும்பாலும் நீர்வளத் துறையுடையது; அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மனுவின் நகல் அங்கேயும் போகட்டும். ஜமாபந்தியை (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) விட்டுவிடாதீர்கள், கிராமக் கணக்குகள் அன்று மேசையிலேயே இருக்கும்.

பழைய பதிவேட்டிலும் அது பட்டா நிலம்தான், கால் அதனூடே ஓடுகிறது என்றால் வழி வேறு. நீரோட்ட உரிமையை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும்.

எதுவானாலும் ஆத்திரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வாழையை வெட்டிவிடாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். கால் அப்படியே தூர்ந்து கிடக்கும்.